முற்றவெளிக் கிண்ணம்

அத்தியாயம் 4

ஓர் இனத்தின் முதுகெலும்பை நிமிர்த்திய வெற்றிகள் வரலாற்றில் மிகச் சிலவே. 1934ஆம் ஆண்டு யாழ்ப்பாண முற்றவெளியைச் சுற்றி நடந்த ஹண்டிகப் மோட்டார்ப் பந்தயத்தில், வெள்ளைத்துரைமார் அனைவருக்கும் புழுதியை ஊட்டிவிட்டு அமரர் அருள்நாயகம் வெள்ளிக் கிண்ணத்தை வென்ற வெற்றி அவற்றுள் தலையாயது.

இந்த வாசகம் ரொறன்ரோவின் வோபர்னில், 'சண் டிறைவிங் ஸ்கூல்' சுவரில், பொன்னிற எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. அதற்குக் கீழே ஓர் அம்புக்குறி. அம்புக்குறியின் முனையில் கழிவறை.

இன்ஃபாஸ் வாசகத்தை முழுதாக வாசித்து முடித்தான். பிறகு அம்புக்குறியைப் பார்த்தான்.

"அக்கா, வரலாறு உந்தப் பக்கமாத்தான் போகுதாம்."

கிளடிஸ் சிரிக்கவில்லை. முதுகு முறிந்துவிட்டது என்று இன்சூரன்ஸ் கேட்டவர்கள் கலியாண வீட்டில் ஆடுவதைப் படம்பிடித்துக் கொடுத்தே தலை நரைத்த மனுசி அவர். இப்போது சேலைக்கடை ஒன்றின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறார். அங்கே வேலைக்கு இருப்பவன் இன்ஃபாஸ் ஒருவன்தான். கார் ஓட்டுவது, படம் எடுப்பது இரண்டுக்கும் அவனுக்குச் சம்பளம் உண்டு. வாயை இலவசமாகவே தந்துகொண்டிருந்தான்.

"மிஸிஸ் கிளடிஸ்," என்று கழுத்துப்பட்டியை இறுக்கியபடி வந்தார் சண்முகலிங்கம். ஸ்கூலின் அதிபர், வகுப்பறைப் பாடங்களின் ஆசிரியர், அமரரின் ஒரே மகன். "கள்ளனை நான் பிடிச்சிட்டன். உங்களுக்கு அந்தக் கரைச்சல் வேண்டாம். சாட்சியை மட்டும் பிடிச்சுத் தாங்கோ."

"கள்ளன் ஆர்?"

"பிரியந்தன். என்னட்டை வேலை செய்யிற இன்ஸ்ரக்டர். திங்கட்கிழமை வந்து, மிசிசாகாவிலை எயார்போர்ட் வேலை கிடைச்சிட்டுது, போறன் எண்டான். செவ்வாய்க்கிழமை கிண்ணத்தைக் காணேல்லை. இண்டைக்குக் காலமை ஆளைக் கலைச்சுப் போட்டன். பின்னேரம் பொலிசுக்கு அடிக்கிறன். அடுத்த கிழமை உவனுக்கு அகதி வழக்கு இருக்கு. பொலிஸ் கேஸோட போய் நிக்கட்டும். என்னை விட்டிட்டுப் போறவர் நாட்டையும் விட்டிட்டுப் போகட்டும்!"

கடைசி வசனத்தை அவர் ஏற்கனவே ஒத்திகை பார்த்திருந்தார் என்பது இன்ஃபாஸுக்கு விளங்கியது. கை ஓங்கிய இடமும் குரல் ஓங்கிய இடமும் அவ்வளவு பொருந்தியிருந்தன.

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே சிவப்பு வெல்வெற் துணி. கிண்ணம் இருந்த வட்டத்தின் நடுவே ஒருபிடி மண்.

"பாத்தியளோ திமிரை! ஞாயிற்றுக்கிழமை 'அருள்நாயகம் மோட்டார் மண்டபம்' திறக்கிறன். கவுன்சிலர் வாறார், ரேடியோக்காரர் வாறார். இந்த நேரம் பாத்து மண் வைச்சிட்டுப் போயிருக்கிறான்."

மோட்டார் மண்டபம் என்பது பின்னறை. போன மாதம்வரை அங்கே பழைய ரயர்கள் இருந்தன. அந்த மணம் இன்னும் போகவில்லை.

கிளடிஸ் மண்ணை விரலால் கிளறினார். கருப்பு மண், அதற்குள் சவ்வரிசி போலச் சின்னச் சின்ன வெள்ளை மணிகள். ஒரு காய்ந்த இலையும் இருந்தது. அதை எடுத்து இன்ஃபாஸின் மூக்கருகே பிடித்தார்.

"கறிவேப்பிலை," என்றான் அவன். "கள்ளன் தாளிச்சுப் போட்டுத்தான் போயிருக்கிறான்."

கிளடிஸ் பொன்னெழுத்து வாசகத்துக்குப் பக்கத்தில், கழிவறைச் சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தருகே போனார். நேர் முன்னால் நின்று எடுத்த படம். ஒரு குட்டிக் கார். கண்ணாடிக்கு மேலால் தடித்த பூமாலை தொங்கி உள்ளே பாதியை மறைத்தது. காரின் இடப்பக்க இருக்கையில் மீசையை முறுக்கியபடி அருள்நாயகம். வலப்பக்கத்தில் தலையைக் குனிந்த மெலிந்த மனிதர் ஒருவர். அருகே ஒரு துரை கொடியைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"உது பந்தயம் வெளிக்கிடேக்க எடுத்தது," என்றார் சண்முகலிங்கம்.

"வெளிக்கிட முதலே மாலையோ?"

"வெல்லுவம் எண்டு தெரியும்தானே."

"பந்தயம் எப்பிடி நடந்தது? ஒருக்காச் சொல்லுங்கோ."

அதைச் சொல்லச் சண்முகலிங்கத்திடம் இரண்டாம் முறை கேட்கவேண்டியதில்லை. "மற்றவங்கள் எல்லாம் பெரிய பெரிய கார். அப்பான்ரை பேபி ஒஸ்ரின். எல்லாரையும் முன்னாலை போகவிட்டிட்டு, கடைசி ஆளா வெளிக்கிட்டு, ஒவ்வொருத்தனா எட்டிப் பிடிச்சு..."

"ஹண்டிகப் பந்தயம் எண்டனீங்கள்?"

"ஓம். ஹண்டிகப்."

"அப்ப சின்னக் காரைத்தானே முதல்ல விடுவினம்?" என்றார் கிளடிஸ் மெதுவாக. "வேகமான கார் கடைசியாத்தான் வெளிக்கிடும். எல்லாரும் ஒண்டா முடிக்க வேணும் எண்டு போடுற கணக்கு அது."

"அப்பா பெருந்தன்மையிலை விட்டுக்குடுத்தவர்."

"படத்திலை ரோட்டைப் பாருங்கோ. புழுதி கிளம்பாமல் தண்ணி தெளிச்சிருக்கினம். வாழையிலை மாதிரிக் கிடக்கு. ஒரு ரயர் அடையாளம் இல்லை. உங்கட அப்பாவுக்கு முன்னாலை ஒரு காரும் போகேல்லை. முதல்ல வெளிக்கிட்ட ஆளே அவர்தான்."

"சின்னப் பிள்ளையளோட ஓடிப்பிடிச்சு விளையாடேக்க, 'நீ முதல்ல ஓடு செல்லம்' எண்டு விடுவமே," என்றான் இன்ஃபாஸ். "அந்தச் செல்லம்."

சண்முகலிங்கத்தின் முகம் வெல்வெற்றின் நிறத்துக்கு வந்தது. "தம்பி, நான் உம்மைக் கூப்பிட்டது கிண்ணத்துக்கு."

"பக்கத்திலை இருக்கிறவர் ஆர்?" என்று கேட்டார் கிளடிஸ்.

"உவனோ? கிளீனர். காத்தடிக்க, தள்ளக் கூட்டிக்கொண்டு போனது. கோட்டைக்குப் பின்னாலை திரும்பேக்க பயத்திலை சத்தி எடுத்து, வாந்தியாலை காரையே நாறடிச்சுப் போட்டான். பிறகு சாகும்வரை ஊரிலை அவனுக்குப் பேர் 'சத்தி' இரத்தினவேல்." சண்முகலிங்கத்துக்கு இப்போது கொஞ்சம் தெம்பு திரும்பியது. "போன கிழமை ரேடியோவிலை இதைச் சொன்னன். அறிவிப்பாளருக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் போச்சு."

கிளடிஸ் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். உதட்டோரம் சிரிப்பைப் போல ஒன்று வந்து ஒளிந்துகொண்டது.

"இந்தப் படத்தை நான் கொண்டு போகலாமோ?"

"கவனம். விலை மதிக்க ஏலாதது."

"ஓம் சேர்," என்றான் இன்ஃபாஸ், ஆணியிலிருந்து அதைக் கழற்றியபடி. "கக்கூசுக்கு வழி தெரியாமல் சனம் தடுமாறப் போகுது."

*

பிரியந்தன் எதிரேயிருந்த டோனற் கடையில், ஆறிப்போன கோப்பிக்கு முன்னால் இருந்தான். முப்பதை எட்டாத வயது. மூன்று வருடமாக வழக்குக்குக் காத்திருந்தவன். கண்ணில் நித்திரை இல்லை. கோபம் மட்டும் விழித்திருந்தது.

"நான் எடுக்கேல்லை அக்கா. எடுத்திருந்தால் அதாலேயே அந்தாளின்ரை மண்டையைப் பிளந்திருப்பன். வழக்கு முடியட்டும், அவரை ஒரு கை பாக்கிறன்."

"உதை வேறை ஆரிட்டையும் சொல்லாதை," என்றார் கிளடிஸ். "நீ இருக்கிற பேஸ்மென்ரிலை கறிவேப்பிலை வளக்கிறனியோ?"

"எங்கட பேஸ்மென்ரிலை பூஞ்சணம் மட்டும்தான் வளரும்."

"பின்னை மாசி மாசத்திலை பச்சைக் கறிவேப்பிலை வேணுமெண்டால் ஆரிட்டைப் போவாய்?"

விசித்திரமான கேள்விதான். ஆனால் பிரியந்தனுக்குப் பதில் சட்டென்று வந்தது. "யோகமலர் அன்ரி தருவா. சென் ஜேம்ஸ் ரவுணிலை இருக்கிறா. என்னட்டை டிறைவிங் பழகுறவ. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பையிலை போட்டுக் கொண்டுவந்து தருவா, தம்பி கடையிலை வாங்காதையும் எண்டு."

"செவ்வாய்க்கிழமை வந்தவவோ?"

"வந்தவ. ஒபிசுக்குள்ள சூடா இருந்திட்டுப் போனவ..." அவன் நிறுத்தினான். "அக்கா, அன்ரி அப்பிடிச் செய்யமாட்டா."

"எழும்பு," என்றார் கிளடிஸ். "காரிலை ஏறு."

*

இன்ஃபாஸின் பழைய ரொயோற்றா உப்பும் சேறும் அப்பியபடி நகரத்தின் நடுவை நோக்கிப் போனது.

"கள்ளன் எண்டால் எடுத்தவுடனை ஓடியிருப்பான்," என்றார் கிளடிஸ். "நிண்டு மண் வைக்கிறதுக்கு அவனுக்கு நேரமில்லை. இது மண் அள்ளித் தூத்தின வேலை. 'நீ நாசமாப் போக' எண்டு வாயாலை சொல்லி, கையாலை போட்ட மண்."

"மாசி மாசம் ரொறன்ரோவிலை மண்ணுக்கு எங்க போறது? நிலம் கொங்கிறீற் மாதிரிக் கிடக்கு."

"அதுதான். பூச்சாடிக்குள்ள இருந்துதான் எடுக்க வேணும். கடையிலை பையிலை விக்கிற மண்ணிலைதான் அந்த வெள்ளை மணி இருக்கும்."

"சாபமும் வோல்-ரு-வோல் காப்பெற் வீட்டுக்கு ஏத்தமாதிரி," என்றான் இன்ஃபாஸ். சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினான். "தொண்ணூறிலை முஸ்லிம்கள் எண்டு எங்களை யாழ்ப்பாணத்தாலை கலைக்கேக்க, தூத்துறதுக்கு ஒருபிடி மண் அள்ளக்கூட நேரம் தரேல்லை அக்கா."

பகிடியாகத்தான் சொன்னான். பின் சீற்றில் பிரியந்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். விளக்கு பச்சையானதும் கிளடிஸ், "போ," என்று மட்டும் சொன்னார்.

*

பத்தொன்பதாம் மாடியில் கதவைத் திறந்தவருக்கு அறுபது வயது நெருங்கியிருக்கும். கம்பளிச் சட்டைக்கு மேலே சேலை. பிரியந்தனைக் கண்டதும் முகம் மலர்ந்து, பின்னால் நின்ற இருவரையும் கண்டதும் மூடிக்கொண்டது.

தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. ஜன்னலோரத்தில், வெயில் விழும் இடத்தில், இரண்டு கைபிடியும் பளபளக்க வெள்ளிக் கிண்ணம் இருந்தது. அதற்குள் கறிவேப்பிலைக் கன்று தளதளவென்று நின்றது.

"பனிக்கோட்டுக்குள்ள கொண்டு வந்தனியளோ அக்கா?" என்று கேட்டார் கிளடிஸ்.

"இந்த நாட்டுக் கோட்டுக்குள்ள ஆட்டுக்குட்டியையும் கொண்டு வரலாம் பிள்ளை." யோகமலர் மறைக்கவில்லை. உட்காரச் சொல்லவுமில்லை. "காலமை காலமை அதுக்குத் தண்ணி ஊத்துறன். ஊத்த ஊத்த என்ரை வயிறு குளிருது."

"நீங்கள் இரத்தினவேலின்ரை மகளோ?"

"சத்தி இரத்தினவேலின்ரை மகள் எண்டு சொல்லும். ஊரிலை அப்பிடித்தான் சொன்னவை. பள்ளிக்கூடத்திலை சொன்னவை. என்னைப் பொம்பிளை பாக்க வந்தவையும் சொல்லிச் சிரிச்சவை. அப்பா அந்தப் பேரோடதான் செத்தவர். சண்டையிலை வீடு எரிஞ்சு, அவற்றை ஒரு படம்கூட மிஞ்சேல்லை. டிறைவிங் பழகலாம் எண்டு உந்த ஸ்கூலுக்குப் போனால், கக்கூஸ் சுவரிலை அப்பா இருக்கிறார்." அவர் குரல் உயரவில்லை. "அதையும் பொறுத்தன். படத்தையாவது பாக்கலாம் எண்டு பொறுத்தன். போன கிழமை ரேடியோவைப் போட்டால், உவன் அந்தப் பேரைச் சொல்லுறான். கடல் தாண்டி வந்தும் அந்தப் பேர். ரொறன்ரோ முழுக்கச் சிரிக்குது."

"ஞாயிற்றுக்கிழமை வெறும் பெட்டிக்கு முன்னாலை நிக்கட்டும் எண்டு நினைச்சனியள்."

"கவுன்சிலருக்கு மண்ணைக் காட்டட்டும்."

"அக்கா, அவர் களவுப் பழியைப் போட்டது உங்களிலை இல்லை. இவனிலை." கிளடிஸ் பிரியந்தனைக் காட்டினார். "வேலையாலை கலைச்சாச்சு. பின்னேரம் பொலிசுக்குச் சொல்லப் போறார். அடுத்த கிழமை இவன்ரை வழக்கு."

யோகமலர் பிரியந்தனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஜன்னலோரம் போய் ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார்.

"அந்தச் சண்முகலிங்கத்தை இஞ்ச வரச்சொல்லும்," என்றார். "கையிலை குடுக்கிறன். ஆனால் முதல்ல வகுப்பு."

*

சண்முகலிங்கம் ரக்சியில் வந்து இறங்கினார். மேலே வந்ததும் அவருடைய கண் முதலில் கிண்ணத்தைக் கண்டது, அடுத்துச் செடியைக் கண்டது, கடைசியில்தான் மனிதரைக் கண்டது.

"கிண்ணத்துக்குள்ள... சேறா!"

"சேர், இருங்கோ," என்றார் யோகமலர். "நான் உங்கட மாணவி. ஒரு சந்தேகம் கேக்கலாமோ?"

மாணவி என்ற சொல் அவரை அறியாமலே அவரை நிமிர்த்தியது. "கேளுங்கோ."

"முதல் வகுப்பிலை நீங்கள் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் என்ன?"

"அதோ? ஊர்ப் பழக்கத்தை மறவுங்கோ எண்டது. இஞ்ச ஸ்டியறிங் இடப்பக்கம். ஊரிலை ஸ்டியறிங் வலப்பக்கம். மறந்தால் செத்தியள்." மேசையைத் தட்டிச் சொன்னார். நூறு வகுப்பில் தட்டிய தட்டு.

கிளடிஸ் படத்தை மேசையில் நிமிர்த்தி வைத்தார்.

"உங்கட அப்பா எந்தப் பக்கம் இருக்கிறார் சேர்?"

சண்முகலிங்கம் படத்தைப் பார்த்தார். அறுபத்திரண்டு வருடமாக அந்தப் படம் அந்தக் குடும்பத்திடம் இருந்திருக்கிறது; ஊரில் அதை வெளியாருக்குக் காட்டியதில்லை; கனடாவுக்கு வந்தபின் பார்த்தவர்கள் எல்லோருக்கும் இடப்பக்க இருக்கை டிறைவருக்குத்தான் என்று கண் பழகியிருந்தது. மீசையும் அந்தப் பக்கமே இருந்ததால் ஒருவருக்கும் ஐயம் வரவில்லை.

"அட சீ!" என்று நெற்றியில் அடித்தான் இன்ஃபாஸ். "மீசைக்காரர் பசஞ்சர்!"

"குனிஞ்சு இருக்கிறது பயத்திலை இல்லை," என்றார் யோகமலர். "கியரைப் பாத்துக் குனிஞ்சவர். ஓடினது என்ரை அப்பா. காருக்குச் சொந்தக்காரர் பக்கத்திலை இருந்தவர். கோட்டை வளைவிலை சத்தி எடுத்ததும் சொந்தக்காரர்தான். என்ரை அப்பான்ரை சட்டையிலை எடுத்தவர். கிண்ணத்தையும் வாங்கிக்கொண்டு, எடுத்த சத்தியையும் அப்பான்ரை தலையிலை கட்டிப்போட்டுப் போனவர்."

சண்முகலிங்கத்தின் வாய் இரண்டு முறை திறந்து மூடியது. மூன்றாவது முறை திறந்தபோது அதற்குள் வஞ்சம் வந்துவிட்டது.

"இருக்கட்டும்! ஆர் ஓடினாலும் கிண்ணம் எங்கட வீட்டுச் சொத்து. களவு களவுதான். உங்களையும் உள்ள போடுறன், உதவி செய்தவன் எண்டு உவனையும் உள்ள போடுறன். ரெண்டு பேரும் சேர்ந்து கறிவேப்பிலை வளத்துக்கொண்டிருங்கோ!"

சுவரில் இருந்த போனை எடுத்தார். பிரியந்தன் முன்னால் ஓரடி வைத்தான். இன்ஃபாஸ் அவனுடைய முழங்கையைப் பிடித்தான். யோகமலர் அசையவில்லை.

"அடியுங்கோ," என்றார் கிளடிஸ். "நல்லது. பொலிஸ் வந்தவுடனை, முறைப்பாடு செய்யிற ஆளின்ரை அடையாளம் கேப்பினம். டிறைவேர்ஸ் லைசென்ஸை இப்பவே எடுத்துக் கையிலை வைச்சிருங்கோ சேர்."

சண்முகலிங்கத்தின் விரல் இலக்கங்களின் மேல் நின்றது. போனுக்குள் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கிளடிஸைப் பார்த்தார். கிளடிஸ் மிகவும் மரியாதையாக அவரைப் பார்த்தார்.

போன் திரும்பவும் கொக்கியில் போய்த் தொங்கியது.

"சரி," என்றார். குரல் எங்கேயோ அடியில் இருந்து வந்தது. "என்ன வேணும்?"

"இவனுக்கு முதல்ல," என்றார் யோகமலர்.

"பிரியந்தன்... உன்னிலை பிழை இல்லை. பொலிசுக்குப் போகேல்லை. போகவும் மாட்டன்."

"வழக்குக்கு வேலைக் கடிதம் கேட்டால்?" என்றான் இன்ஃபாஸ்.

"குடுப்பன்."

"இனி எனக்கு," என்றார் யோகமலர். இத்தனை வருடம் காத்திருந்தவர், அவசரப்படாமல் சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை. அதே ரேடியோ. அதே அறிவிப்பாளன். ஓடினது ஆர், பக்கத்திலை இருந்தது ஆர், ரெண்டையும் சொல்லவேணும். சத்தி எடுத்தது ஆர் எண்டும் சொல்லவேணும்."

"அப்பாவுக்கு அண்டைக்கு வயித்துக் கோளாறு..."

"அதையும் சொல்லும்."

"கிண்ணம்?"

"கிண்ணம் மண்டபத்துக்கு வரும். கன்றோட வரும். இந்தக் குளிருக்குள்ள வேரைக் கிளப்ப ஏலாது. படம் இஞ்ச நிக்கும்."

சண்முகலிங்கம் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டுப் பிரியந்தனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இப்போது வஞ்சம் இல்லை; கெஞ்சல்தான் இருந்தது.

"எயார்போர்ட் வேலை... கட்டாயம் போகத்தான் வேணுமோ தம்பி? சம்பளத்தைக் கூட்டித் தாறன்."

"திங்கட்கிழமை தொடங்குறன் சேர்," என்றான் பிரியந்தன். மூன்று வருடத்தில் அவன் அவ்வளவு ருசித்துச் சொன்ன வசனம் வேறில்லை.

சண்முகலிங்கத்தை மேலே விட்டுவிட்டு மூவரும் எலிவேற்றரில் இறங்கினார்கள். பன்னிரண்டாம் மாடி வரை பொறுத்த இன்ஃபாஸால் அதற்குமேல் முடியவில்லை.

"அக்கா, லைசென்ஸ் எண்டதும் ஏன் அந்தாள் அப்பிடி அடங்கினது?"

"ஸ்கூல் வாசல்லை மூண்டு கார் சும்மா நிக்குது. இவனைக் கலைச்ச அண்டைக்கே அவர் ரக்சியிலை வாறார்," என்றார் கிளடிஸ். "டிறைவிங் பழக்கிறவர் எப்பவும் பக்கத்துச் சீற்றிலைதானே இருப்பார். ஆருக்குச் சந்தேகம் வரும்?"

இன்ஃபாஸ் பிரியந்தன் பக்கம் திரும்பினான். "மெய்யே?"

பிரியந்தன் எலிவேற்றரின் தரையைப் பார்த்தபடி, "ஏழு தரம்," என்றான்.

பதினொரு வருடமாக டிறைவிங் ஸ்கூல் நடத்திவரும் சண்முகலிங்கம், றோட் ரெஸ்ற்றில் இன்னும் பாஸாகவில்லை.